மஞ்சள் திரையில் நானூற்றுப் பன்னிரண்டு முகங்கள்

பழைய கம்ப்யூட்டர் என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. பழைய மனிதர்கள்தான் உண்டு. மனித குலம் இத்தனை நாள் விளங்காமல் தடுமாறிக்கொண்டிருந்த இந்த உண்மை, ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஸ்டுடியோக்காரரின் தம்பி வாயிலாக, டீ ஆறிக்கொண்டிருக்கும்போது வெளிப்பட்டது. கேட்க மூன்று பேர் இருந்தார்கள்: அண்ணன், அண்ணி, அந்தக் கம்ப்யூட்டர். மூவரும் பதில் சொல்லவில்லை. அண்ணனுக்குக் கவலை. அண்ணிக்கு வேலை. கம்ப்யூட்டருக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை. அதை ஆன் செய்து ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது.

தம்பிக்குத் தெருவில் அப்டேட்டு என்று பெயர். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, கடைக்காரருக்கு விஷயம் போதாது என்று வெளியே வந்தவன். கடைக்காரரின் கருத்து வேறு. அதை யாரும் கேட்கவில்லை. யார் எந்தக் குறையைச் சொன்னாலும் "அப்டேட் பண்ணியிருக்க மாட்டீங்க" என்பான். எதிர்வீட்டுப் பெரியவர் முழங்கால் வலிக்கிறது என்று சொன்னபோதும் அதையேதான் சொன்னான். பெரியவர் மூன்று நாள் யோசித்துவிட்டு மருத்துவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

அன்றைய கவலைக்குக் காரணம் ஒரு ஃபைல்.

ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் சலவைத்தூள் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அங்கே வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் அடையாள அட்டை மாற்றுவார்கள். ஸ்டுடியோக்காரர் கேமராவோடு போய், ஒரு சுவரை ஒட்டி ஒவ்வொருவராக நிறுத்திப் படம் எடுத்து வருவார். அண்ணி முகத்தைச் சரிசெய்து, பின்னணியை வெட்டி, பெயரும் எண்ணும் சேர்த்து அட்டை அச்சடிக்கும் மெஷினுக்கு அனுப்புவார். ஒன்பது வருடமாக இப்படித்தான். இந்த வருடம் தொழிற்சாலைக்குப் புது அதிகாரி வந்துவிட்டார். புது அதிகாரிகள் எங்கே வந்தாலும் முதலில் அட்டையைத்தான் மாற்றுகிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதி, அதாவது வரும் திங்கட்கிழமையிலிருந்து வாசலில் காவலாளிக்குப் பதில் ஒரு கதவு. அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். அந்த அட்டையின் மாதிரியைத் தலைமை அலுவலகம் ஒரு ஃபைலாக அனுப்பியிருந்தது. அந்த மாதிரிக்குள் முகங்களை வைத்து, சனிக்கிழமை மதியம் அலுவலகம் பூட்டுவதற்குள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர்; படங்களை அண்ணன் முன்பே எடுத்து வந்துவிட்டார்.

ஃபைல் புதுப் பதிப்பில் செய்தது. அண்ணி வைத்திருந்த படம் திருத்தும் மென்பொருள் பதினோரு வருடம் பழையது. அது ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் எனக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை என்கிற மாதிரி ஒரு சாம்பல் கட்டத்தைக் காட்டியது.

அண்ணன் அதிகாரிக்குப் போன் செய்து, பழைய பதிப்பில் சேமித்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். அதிகாரி மிக மரியாதையாகப் பேசினார். மரியாதையாகப் பேசும்போதே முடியாது என்பது தெரிந்துவிட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து இப்படித்தான் வருகிறதாம். முடியாவிட்டால் சொல்லிவிடலாமாம், மெயின் ரோட்டில் இரண்டு மாடி ஸ்டுடியோவில் எல்லாம் புதிதாக இருக்கிறதாம். புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதைப் பற்றி அண்ணன் பேசவில்லை. அண்ணியும் கேட்கவில்லை. அந்த வீட்டில் சில விஷயங்களுக்குப் பேசாமலிருப்பதே பதில்.

பாஸ்போர்ட் படத்தைக்கூட ஜனங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்று போனில் எடுத்துக்கொள்ளும் காலம். தொழிற்சாலை வேலை போய்விட்டால், வீட்டின் முன்பக்கத்திலிருக்கும் அந்த ஸ்டுடியோ, சுவரில் நீலத் துணி தொங்கும் ஒரு வெறும் அறைதான். அண்ணன் வேறு யாராவது முதலாளியின் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகலாம். அண்ணி எங்கே போவார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இதே தொழிற்சாலையின் பேக்கிங் கூடத்தில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருடம் நின்றவர் அவர். அங்கே நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பெட்டி தேங்கும் என்று யாரோ எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் கிடக்கும் அந்த மர ஸ்டூல்தான், வேலை பார்த்துக்கொண்டே அண்ணி உட்கார்ந்த முதல் இடம்.

"அந்த ஹாலுக்குத் திரும்பப் போய் என்னால நிக்க முடியாதுங்க," என்றார் அண்ணி, திரையைப் பார்த்தபடி. "மனசு போகும். கால் கேக்காது."

இதை அவர் சொன்னது அந்த வாரத்தில் ஒரே ஒருமுறை. அதற்குப் பிறகுதான் அப்டேட்டு டீயைக் கீழே வைத்துவிட்டு உலக உண்மையைச் சொன்னான்.

"என்கிட்ட விடுங்க அண்ணி. புதுசே ஓடும் இதுல. நாளைக்குச் சாயங்காலம் பாருங்க."

கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு அலுவலகத்தை மூடியபோது மேசை, நாற்காலி, சுவர்க் கடிகாரத்தோடு சேர்த்து வாங்கியது. மேசை ஆடும், நாற்காலி உடைந்துவிட்டது, கடிகாரம் நின்றுவிட்டது. இது மட்டும் ஓடுகிறது. அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஆறு வருடமாகிறது. அந்த மாதம் வெயில் வேறு கொளுத்தியது. வானம் மத்தியானமானால் மூடிக்கொள்ளும், ஆனால் பெய்யாது. வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறி கம்ப்யூட்டரின் வயிற்றைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருக்கும். மனிதர்கள் அந்தக் காற்றில் மிச்சம் வருவதை வாங்கிக்கொள்வார்கள்.

ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையை நீட்டினால் திரைச்சீலை, அதற்குப் பின்னால் அடுப்பு. அண்ணி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது வசதிக்காக அல்ல, கம்ப்யூட்டரின் குணத்துக்காக. மென்பொருள் திறக்க எட்டு நிமிடம். அதற்குள் கால் கிலோ பீன்ஸ் நார் எடுத்துவிடலாம். ஒரு படத்தைச் சேமிக்க ஒரு வெங்காயம். ஒரு ஆளை முழுதாக முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் "நாலு வெங்காயம்" என்பார். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல, அளவு.

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். திரையில் அந்தச் சின்ன வளையம் சுற்ற ஆரம்பித்தால் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை அழுத்தினால் மெஷின் கேட்கும். இரண்டாம் முறை அழுத்தினால் யோசிக்கும். மூன்றாம் முறை அழுத்தினால் படுத்துவிடும், அப்புறம் அன்று காலையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். அதனால் யார் ஸ்டூல் பக்கம் வந்தாலும் அண்ணி தலை திருப்பாமல் சொல்வார்: "தொடாத. சுத்துது."

அப்டேட்டுக்கு இது சிரிப்பாக இருந்தது.

"அண்ணி, நீங்க கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறீங்களா, இல்ல கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்கீங்களா?"

"ரெண்டும்தான்," என்றார் அண்ணி. "நீ அந்த முறத்த இப்படித் தள்ளு."

மடியில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கிற காலமெல்லாம் போய்விட்டது என்றும், அறிவியல் எங்கோ போய்க்கொண்டிருக்கும்போது இங்கே பீன்ஸ் உரிக்கப்படுகிறது என்றும், இதைப் படம் எடுத்துப் போட்டால் நாடே சிரிக்கும் என்றும் அவன் சொன்னான். அண்ணி பீன்ஸை உரித்துக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு அவன் அதைச் சாப்பிட்டான்.

அவன் சிரித்த இன்னொரு விஷயம், திரையின் ஓரத்தில் நூல் கட்டித் தொங்கிய சீட்டு. பழைய அட்டை ஒன்றை வெட்டியது. அதில் அண்ணனின் முகம் அச்சாகியிருந்தது. தன் முகத்தைப் பார்த்தபடி மனைவி வேலை செய்கிறாள் என்று அண்ணன் இரண்டு வருடம் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கேட்டே விட்டார். அது கலர் பார்ப்பதற்காக என்று அண்ணி சொன்னார். அதற்குப் பிறகு அண்ணன் அந்தச் சீட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

கூடவே ஒரு நீள நோட்டும் இருந்தது. எந்த மாதிரி முகத்துக்கு எந்த நிறத்தில் எவ்வளவு கூட்டணும், எவ்வளவு குறைக்கணும் என்று பேனாவால் எழுதிய எண்கள். அப்டேட்டு அதைப் புரட்டிவிட்டு, "சமையல் குறிப்பா அண்ணி? உப்பு தேவைக்கேற்பன்னு போடலியே" என்றான்.

திங்கள் மத்தியானம் அவன் ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கினான். மென்பொருள் முதலில் நினைவகம் போதாது என்றது. பழைய கடையில் செத்துக் கிடந்த இரண்டு கம்ப்யூட்டர்களின் நினைவகத்தைக் கேட்டு வாங்கி வந்து செருகினான். இயங்குதளம் பழசு என்றது. அதையும் மாற்றினான், அதற்கு அந்த நாள் முழுதும் போயிற்று. செவ்வாய்க்கிழமை, திரைக்குப் படம் அனுப்பும் பாகம் சரியில்லை என்றது. அதை உபயோகிக்கவே வேண்டாம் என்று ஒரு இடத்தில் குறியிட்டு அதன் வாயை அடைத்தான். ஆகப் புதிய பதிப்பு எதற்கும் மசியவில்லை. அதற்கு முந்திய ஒன்று, அதிகம் கேள்வி கேட்காதது, இந்த ஃபைலைத் திறக்கக்கூடியது; அதைத் தேடிப் பிடித்தான். உள்ளே இடம் போதவில்லை. பழைய மென்பொருளை எடுத்து வெளியே போட்டான். அதோடு அண்ணி ஒன்பது வருடமாக அதற்குள் சேர்த்துவைத்திருந்த அளவுகளும் போயின. அண்ணி அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார் என்பதால், கேட்காமலிருந்தது ஒருவகையில் நல்லது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

செவ்வாய் மாலை நான்கு மணிக்கு அது திறந்தது. பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டது, ஆனால் திறந்தது. தலைமை அலுவலகத்தின் ஃபைல், நீலக் கோடும் வெள்ளைக் கட்டமுமாகத் திரை முழுக்க விரிந்தது. அண்ணன் நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போய்ச் சுதாரித்துக்கொண்டார். அண்ணி அப்டேட்டுக்கு இரண்டாவது டீ கொண்டுவந்து வைத்தார். அந்த வீட்டில் அது பட்டமளிப்பு விழா.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அவன் செய்தது சின்ன வேலை அல்ல. மெயின் ரோட்டு ஸ்டுடியோக்காரர்களிடம் கேட்டிருந்தால் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் துக்கம் விசாரித்திருப்பார்கள். அவன் அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இருந்திருக்காது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டூலில் அவனே உட்கார்ந்தான். புது மென்பொருளில் பின்னணியை அதுவே வெட்டும், முகத்தை அதுவே வழவழப்பாக்கும், ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் வரிசையாக எல்லா முகத்துக்கும் செய்துகொண்டே போகும். அண்ணி பக்கத்தில் வந்து, நூலில் தொங்கும் சீட்டைத் திரைக்கு நேரே பிடித்து, ஒருதரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னார்.

"இந்தத் திரை மஞ்சளாக் காட்டும் தம்பி. ரொம்ப வருஷமா இப்படித்தான். இதுல நல்லாத் தெரிஞ்சா அட்டையில நல்லா வராது."

"அது பழைய சாஃப்ட்வேர் அண்ணி. இது புதுசு. அதுக்கே கலர் தெரியும்."

"சாஃப்ட்வேருக்குத் தெரியும். திரைக்குத் தெரியாதே."

அதற்கு அவன் ஒரு நீண்ட விளக்கம் சொன்னான். அதில் அண்ணிக்குப் புரியாத சொற்கள் ஏழும் அவனுக்குப் புரியாதவை நான்கும் இருந்தன. பிறகு திரையில் முதல் முகத்தைப் பார்த்தான், மஞ்சளாக இருந்தது. மஞ்சளைக் குறைத்தான், நீலத்தைக் கூட்டினான், அந்தப் பெண் புதுப் பூ மாதிரி ஆகும்வரை குறைத்தான். சரி என்று திருப்தியாகி, இதையே எல்லாருக்கும் செய் என்று உத்தரவு கொடுத்தான். மெஷின் ஓட ஆரம்பித்தது. விசிறியின் கம்பிகள் அதிர்ந்தன. நடுவில் நான்கு தடவை சூடு தாங்காமல் நின்றது. பெட்டியின் மேல் ஈரத்துணி போட்டு, அரைமணி விட்டு, மறுபடி எழுப்பினான். வியாழன் காலை வீடு எழுந்திருக்கும்போது நானூற்றுப் பன்னிரண்டாவது முகமும் முடிந்திருந்தது.

"பாத்தீங்களா?" என்றான். "ஒரு வெங்காயம்கூட உரிக்கல."

அச்சடிக்கும் மெஷின் அட்டையைக் கவிழ்த்துத்தான் துப்பும். வெதுவெதுப்பாக, முகம் கீழே பார்க்க, ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அண்ணன் பத்துப் பத்தாக எடுத்து, விளிம்பைத் தட்டிச் சேர்த்து, ரப்பர் மாட்டி அடுக்கினார். ஒன்பது வருடப் பழக்கம். அண்ணி அனுப்பும் அட்டையை அவர் திருப்பிப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இருந்ததில்லை. நாற்பது அட்டை ஆனபோது அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேலே இருந்த ஒன்றை எடுத்துத் திருப்பினார்.

அடுத்த அட்டையைத் திருப்பினார். அடுத்ததை.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னடா இது," என்றார். "எல்லாரும் மூணு நாள் தண்ணியில கிடந்த மாதிரி இருக்காங்க."

அப்படித்தான் இருந்தார்கள். உதடு நீலம், கன்னம் சாம்பல், காது மட்டும் கத்திரிப்பூ நிறம். திரையில் பூவாக இருந்தவர்கள் அட்டையில் குளிரில் விறைத்துப்போயிருந்தார்கள். திரை தன் வயோதிகத்தால் சேர்த்திருந்த மஞ்சளையெல்லாம் அவன் அந்த மனிதர்களின் முகத்திலிருந்து எடுத்திருந்தான். அண்ணி ஒன்பது வருடமாகச் செய்துவந்தது இதற்கு நேர் எதிர். திரையில் மஞ்சள்காமாலை வந்த மாதிரி தெரிந்தால்தான் அட்டையில் ஆள் ஆரோக்கியமாக வருவான். எவ்வளவு காமாலை என்பதற்குத்தான் அந்தச் சீட்டு. திரையில் அண்ணனின் படத்தைத் திறந்து, சீட்டில் இருக்கும் அசல் அண்ணனைப் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தைப் பார்த்து எழுதிய எண்கள்தான் அந்த நோட்டு.

அப்டேட்டு அச்சு மையில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்றான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனும் போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணிக்குக் கோபம் வந்தது நிறத்துக்காக அல்ல. ஏழாவதோ எட்டாவதோ அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

"இவ கன்னத்துல இருந்த வெட்டு எங்க?"

அப்டேட்டு எட்டிப் பார்த்தான். "அது மெஷின் எடுத்துடும் அண்ணி. தழும்பு, மரு, சுருக்கம் எல்லாம். நல்லா இருக்கட்டும்னுதான்."

"பெட்டிக்கு இரும்புப் பட்டை போடும்போது அறுந்து அடிச்சுது. என் பக்கத்துல நின்னா. எனக்கு அடிச்சிருக்க வேண்டியது, நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேன்." அட்டையை மேசையில் வைத்தார். "எடுக்கறதுக்கு முன்னாடி அவகிட்டக் கேட்டியா?"

அவன் மேசையிலிருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தான்.

"திங்கக்கிழமை இந்த அட்டையத் தூக்கிட்டுப் போய் அந்தக் கதவுகிட்ட நிப்பா. இது யாருன்னு அது கேட்டா என்ன சொல்லுவா?"

கதவு கேள்வி கேட்காது, அது அட்டைக்குள் இருக்கும் எண்ணைத்தான் படிக்கும் என்று அவனுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தான். அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவன் வாழ்நாளில் சரியான ஒரு தொழில்நுட்பத் தகவலைச் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

பழைய மென்பொருளைத் திரும்பப் போட முடியுமா என்று அண்ணன் கேட்டார். அதன் குறுந்தட்டு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கிடைத்தாலும் புது இயங்குதளத்தில் அது ஏறாது. உள்ளே இருந்த அளவுகளும் இல்லை என்பதை அப்டேட்டு அப்போதுதான் சொன்னான், மிகச் சிறிய குரலில். இருந்தது நோட்டு மட்டும்.

"நல்ல வேளை," என்றார் அண்ணி, "சமையல் குறிப்ப எழுதி வச்சேன்."

வெற்று அட்டை ஐநூறு வாங்கியிருந்ததால் நாற்பதை வீணாக்கிய பிறகும் போதும். வெட்டிய பின்னணிகளை வைத்துக்கொள்ளலாம், அந்த மட்டுக்கு அவன் உழைப்பு மிச்சம். ஆனால் முகங்களை அண்ணன் எடுத்த அசல் படங்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும், நிறத்தை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. வெயிலில் கருத்தவர்கள், கூடத்துக்குள்ளேயே வெளுத்தவர்கள், தூள் கலக்கும் இடத்தில் நின்று தோல் உரிந்தவர்கள் என்று நோட்டில் தனித்தனிப் பக்கம் இருந்தது. அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தார். சீட்டைத் திரைக்கு நேரே பிடித்து, புது மென்பொருளுக்கு ஏற்றபடி பழைய எண்களை இரண்டு கூட்டி, ஒன்று குறைத்து, ஒரு அட்டை அச்சடித்துப் பார்த்தார். மூன்றாவது அட்டையில் மனித நிறம் வந்தது.

அந்த வியாழன் மத்தியானத்திலிருந்து வெள்ளிக்கிழமை முழுதும், இரவு பகலாக, அந்த வீட்டில் நடந்தது ஒரே காரியம்தான். அண்ணி எண்ணைப் போடுவார், வளையம் சுற்றும், கை மடிக்குப் போகும். வளையம் நிற்கும், கை மவுஸுக்கு வரும். அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அடுக்கினார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாகத் தன் மனைவியின் வேலையைப் பார்க்கிறார். பத்து முகத்துக்கு ஒருமுறை ஈரத்துணி. முப்பது முகத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு, மெஷினுக்கு. அந்த நேரத்தில் அண்ணி எழுந்து சமைப்பார். வேலை செய்யும்போது படத்தோடு பேசிக்கொண்டிருப்பார். நீ இன்னும் அங்கதான் இருக்கியா. உனக்கு இவ்வளவு நரை வந்துடுச்சா. இவ சிரிக்கவே மாட்டா, கேமராவுக்குச் சிரிச்சிருக்கா பாரு. தன்னோடு நின்றவர்களில் முப்பத்தொரு பேர் இன்னமும் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார். வெட்டு வாங்கியவளின் முகம் வந்தபோது பேசவில்லை. அந்தத் தழும்பு தெளிவாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

அப்டேட்டுக்கு வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை. விசிறியைத் திருப்பி வைத்தான். ஈரத்துணி பிழிந்தான். வெள்ளிக்கிழமை ஒரு தடவை, வளையம் நெடுநேரமாகச் சுற்றுகிறதே என்று ஒரு உதவியாக எண்டரைத் தட்டினான். மெஷின் படுத்துவிட்டது. எழுப்ப இருபத்து மூன்று நிமிடம். அண்ணி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மடியில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மிச்சம் இருபத்தாறு முகங்கள். அலுவலகம் ஒரு மணிக்குப் பூட்டுவார்கள். அண்ணன், முடிந்த அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார். இவ்வளவு வந்துவிட்டது, மிச்சம் வந்துகொண்டிருக்கிறது என்று காட்டினால் அதிகாரி மெயின் ரோட்டுக்குப் போன் செய்யமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அண்ணி அடுத்த முகத்தைத் திறந்தார். எண்ணைப் போட்டார். வளையம் சுற்ற ஆரம்பித்தது. கையை மடியில் வைத்தார். வளையம் நின்றது. கை எழுந்து வரவில்லை.

அப்டேட்டு பயந்துபோய்ப் பக்கத்தில் வந்தான். உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார்.

அவன் தோளைத் தொட்டான். படுத்துக்கோங்க அண்ணி, நான் பாக்குறேன், என்றான். அண்ணி அவனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். மறுப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. நோட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, திரைச்சீலைக்குப் பின்னால் போய் வெறுந்தரையில் படுத்துக்கொண்டார். பகல் பத்து மணிக்கு அவர் படுத்து அந்த வீடு பார்த்ததில்லை.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஸ்டூல் வெதுவெதுப்பாக இருந்தது. இருபத்தாறு முகம், முகத்துக்கு மூன்றரை நிமிடம், நடுவில் மெஷினுக்கு ஒரு ஓய்வு. பதினொன்றேமுக்கால், பன்னிரண்டுக்கு முடியும். மெஷின் ஒருமுறை படுத்தால் பன்னிரண்டரை. இரண்டுமுறை படுத்தால் அண்ணி திங்கட்கிழமையிலிருந்து வேறு வேலை தேட வேண்டும்.

நூலில் தொங்கிய அண்ணனின் முகத்தைத் திரைக்கு நேரே பிடித்தான். நோட்டில் பக்கம் பார்த்து எண்ணைப் போட்டான். திரையில் இருந்த மனிதருக்குக் காமாலை கண்டது. நல்ல காமாலை. அழுத்தினான். வளையம் சுற்ற ஆரம்பித்தது.

அது சுற்றியது. விரல் மவுஸின் மேல் துடித்தது. கையை எடுத்து மடியில் வைத்தான். மடியில் கைக்கு வேலை இல்லை. அது தானாக எழும்பப் பார்த்தது. காலுக்குப் பக்கத்தில் முறம் இருந்தது, அதில் பீன்ஸ். அண்ணி எழுந்தால் மதியச் சாப்பாடும் அவர்தான் பார்க்க வேண்டும். அவன் முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பீன்ஸை ஒடித்தான். நார் பாதியில் அறுந்தது. இன்னொன்றை எடுத்தான்.

பதினேழாவது முகம் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணன் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். அதிகாரி ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். மிச்சத்துக்காக ஒரு மணிவரை இருப்பாராம். சொல்லிக்கொண்டே ஸ்டூல் பக்கம் வந்து, எங்கே வந்திருக்கிறது என்று பார்க்க மேசையில் கையை ஊன்றினார். கை மவுஸுக்குப் பக்கத்தில் போயிற்று.

அப்டேட்டு தலையைத் திருப்பவில்லை. பீன்ஸின் நுனியைக் கிள்ளி நாரை மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அது அறுபடாமல் முழுசாக வந்தது.

"தொடாதண்ணா," என்றான், அண்ணி எழுந்துவிடாதபடி தணிந்த குரலில். "சுத்துது."